சீமாட்டியின் முகம்

"சொல்லுங்க அத்தே... என் மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு? ரெண்டு வருஷ வேலை!"

கொடைக்கானல் மலையில் வட்டக்கானலில் இன்னும் பனிமூட்டம் விலகவில்லை. மேனகாவின் கையில் கிராஸ் ஸ்டிச் துணி விரிந்து கிடந்தது. விடுதி வேலை போக மிஞ்சிய நேரத்தில், கட்டம் கட்டமாக எண்ணி எண்ணி அவள் தைத்த பழைய பிரெஞ்சு அரண்மனைச் சீமாட்டியின் ஓவியம். ரோஜா நிறப் பட்டுப் பாவாடை, பவுடர் பூசிய உயரக் கொண்டை, கையில் விசிறி... எல்லாம் இருந்தன. சீமாட்டியின் முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் அறுந்த நூல்கள்தான்!

மாமியார் மகாராணி தன் மகன் சுரேந்திரனைப் பார்த்தாள். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் மழையில் நனைந்து வந்தவனின் கோட்டு ஜிப் துணியில் சிக்கியதையும், எரிச்சலில் அவன் நூலைக் கத்தரியால் சரக்கென்று வெட்டி எறிந்ததையும் அவள் பார்த்திருந்தாள். அவனுடைய அந்த முன்கோபத்துக்குப் பயந்துதான் மேனகா எட்டு மாதம் தாய்வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இது தெரிந்தால்...

"நான்தான் ஆத்தா... தெரியாம வெட்டிப்புட்டேன்" என்றாள் மகாராணி மருமகளிடம்.

"தெரியாமயா? நான் ஊசி எடுத்தாலே உங்களுக்கு ஆகாதே!"

துணியைப் பெட்டிக்கடியில் வீசிவிட்டுப் போனவள், அதன்பின் மாமியாரிடம் ஏச்சைத் தவிர வேறு எதுவும் பேசவே இல்லை.

மகாராணி சமைத்து, துவைத்து, கேரட் தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வந்து, மருமகள் இல்லாத நேரத்தில் அந்தத் துணியோடு உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும். தையலுக்கான மாதிரிச் சார்ட்டில் ஒரு கட்டம், துணியில் ஒரு பெருக்கல் குறி. ஒன்று தவறினால் மூக்கு கோணிவிடும். பிரித்துவிட்டு மறுபடி... கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

பதினெட்டாம் நாள் மேனகா வெரசாகவே வீடு திரும்பினாள். சீமாட்டிக்குக் கன்னமும் ஒரு கண்ணும் வந்திருந்தன. அதை அவள் கவனிக்கவில்லை.

"மறுபடியும் இதைத் தொடுறீங்களா!" என்று துணியைப் பறித்தாள்.

"அம்மா வெட்டல மேனகா..." உள்ளேயிருந்து வந்த சுரேந்திரனின் குரல் உடைந்தது. "நான்தான். நீ திரும்பப் போயிருவியோன்னு பயந்து..."

மேனகா அவனை ஏறிட்டாள். "உங்ககிட்ட அப்பறம் பேசிக்கிறேன்."

பிறகுதான் துணியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அத்தே? எங்கிட்ட இம்புட்டு ஏச்சு வாங்கிக்கிட்டு..."

"நீ இல்லாத எட்டு மாசமும் நாதியத்துக் கெடந்தேன் புள்ள. ஏச்சாவது காதுல விழுதேன்னு இருந்தேன்..."

மேனகா அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். நீங்க சித்த படுங்க அத்தே..."

பகலில் படுத்துப் பழக்கமில்லாத மகாராணி, மருமகள் மடியில் தலை வைத்ததுமே தூங்கிப்போனாள்.