வரிசையில் இரண்டு பேர்

பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு லைன்மேன் வந்தபோது மதியம் இரண்டு மணி. லிஃப்ட் இல்லை. ஒரு கையில் கருவிப்பை, தோளில் லைனைச் சோதிக்கும் டெஸ்ட் போன். அவனுக்கு முன்னால் ஆயா சாவிக்கொத்தோடு ஏறினாள்.

மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மட்டும் இங்கேயே இருந்தது. ஆள் உயர இரும்பு அலமாரி. புதுக் கட்டடத்தில் யார் யாரை அழைத்தாலும் அழைப்பு இங்கே வந்துதான் போகும். இன்று நான்கு மணிக்கு அதை நிறுத்துகிறார்கள். புது மெஷின் பழைய மெஷினின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதற்குள் பட்டியலில் உள்ள குப்பையை நீக்க வேண்டும்.

அவனுடைய அக்கா புதுக் கட்டடத்தில் இருந்தாள். வயிற்றில் அறுவை. நேற்று மாலை தனி அறைக்கு மாற்றினார்கள். தொற்று பயத்தால் பார்க்க யாரையும் விடவில்லை. அவளைக் கொண்டுவருமுன் கட்டிலருகே போன் வைத்தது அவன்தான். அந்த அறைகளில் வேறு மணி கிடையாது. ரிசீவரை எடுத்தால் போதும், நர்ஸ் மேசையில் அடிக்கும்.

தள்ளுவண்டியில் வந்தவள் வராந்தாவில் அவனைப் பார்த்தாள். வாய் உலர்ந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் லைன் குடுக்கறே. நான் கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டே."

அவன் சிரித்தான். அம்மா போனபின் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்.

காலையில் அவளுக்குப் போன் செய்தான். எங்கேஜ்டு. ஒன்பது மணிக்கும் எங்கேஜ்டு. பதினொன்றுக்கும். மகளோடு பேசுகிறாள் என்று நினைத்தான். வாய் திறந்துவிட்டாள் என்றால் தேறிவிட்டாள்.

மாடிக் கதவைத் திறந்ததும் ஆயா முந்தானையால் மூக்கை மூடினாள்.

எலி செத்திருக்கும் என்றான்.

"ஆறு வருஷமாவா ஒரு எலி சாகும்?"

வராந்தாவில் இரண்டு பக்கமும் அறைகள். எல்லாம் காலி. கட்டில்களை எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் கட்டில் உரசிய தடம் மட்டும் இருந்தது. கடைசி அறையில் மட்டும் கட்டில் இருந்தது. அதைத் தூக்க யாரும் ஒப்பவில்லை என்றாள் ஆயா.

நாற்றம் அங்கிருந்து வந்தது.

அவனுக்கு அது தெரிந்த நாற்றம். நாள்கணக்கில் புரளாமல் கிடந்த முதுகின் நாற்றம். டெட்டாலுக்குள்ளிருந்து கசியும், இனிப்பாக.

மெத்தையில் ஆள் நீளத்துக்குப் பழுப்புக் கறை. இந்நேரம் காய்ந்து வெடித்திருக்க வேண்டியது. ஓரங்கள் ஈரமாக மினுங்கின. இரண்டு ஈக்கள் அதன்மேல் நடந்தன. பறக்கவில்லை. கால்கள் ஒட்டிக்கொண்டதுபோல மெதுவாக நடந்தன.

தலைமாட்டில் ஒரு போன். ரிசீவர் மெத்தைமேல் கிடந்தது.

எடுத்துக் கிடக்கும் ரிசீவரைப் பார்த்தால் திரும்ப வைத்துவிட்டுத்தான் போவான். தொழில் பழக்கம். கை தானாகப் போனது.

ரிசீவர் வெதுவெதுப்பாக இருந்தது. பேசும் பக்கத்து ஓட்டை ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது. அதை வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது உள்ளங்கையிலிருந்து மெல்லிய நூல்போல ஏதோ இழுபட்டு அறுந்தது.

அவன் கையைச் சுவரில் தேய்த்தான். பிறகு பேன்ட்டில். பிறகு மறுபடி சுவரில்.

போனின் ஒயரைப் பார்த்தான். வெட்டியிருந்தது. கட்டடம் மாறியபோது அவனே வெட்டியது.

ஆயா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். இங்கே இருந்தவருக்கு நர்ஸுகள் வைத்த பேர் பெல் தாத்தா. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. தண்ணீர் வேண்டும், புரட்டிப் போடு, துணி நனைந்துவிட்டது என்று நாளைக்கு நாற்பது தடவை போன் செய்வார். திடீரென்று ஒருநாள் அவர் போன் வருவது நின்றது. மேசையில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். சனிக்கிழமை இராத்திரி செத்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் இவள் கூட்ட வந்தபோதுதான் பார்த்தாள். கோடைக்காலம். ரிசீவர் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் எடுத்தார்களாம்.

"அப்பவும் அதுக்குள்ள மணி அடிச்சிட்டே இருந்துச்சு, லைன் சார். நான் காதால கேட்டேன். எங்க அடிச்சுதுன்னுதான் தெரியல."

அவன் எக்ஸ்சேஞ்ச் அறைக்குப் போனான்.

எங்கே அடித்தது என்று அவனுக்குத் தெரியும். எங்கேயும் அடிக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் பெரிய நர்ஸ் அவனைக் கூப்பிட்டு, இந்த ஒரு கிழத்தை நிறுத்தித் தா என்றாள். ஒயரைப் பிடுங்கினால் உறவுக்காரர்கள் கேட்பார்கள். எங்கேஜ்டு ஒலி கொடுத்தால் வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். அவன் யோசித்தான். 999 என்று ஓர் எண்ணை உண்டாக்கினான். அதற்குப் போன் கிடையாது. அந்த அறையின் அழைப்பையெல்லாம் அதற்குத் திருப்பினான். கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும். மணி கேட்கிறவரைக்கும் ஆள் கத்தமாட்டார். இதோ எடுப்பார்கள் என்று காத்திருப்பார்.

அரை நிமிஷ வேலை. பெரிய நர்ஸ் டீ வாங்கிக் கொடுத்தாள். மற்ற மருத்துவமனை லைன்மேன்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தொழிலில் அதற்குக் குப்பைத்தொட்டி என்று பேர் வந்தது. எவனாவது தொல்லை கொடுத்தால், தொட்டியில போடு என்பார்கள். சிரிப்பார்கள். அவனும் சிரித்திருக்கிறான்.

திரையில் பட்டியலைத் திறந்தான். பழைய எண்களை ஒவ்வொன்றாக நீக்கினான். கடைசியில் 999 வந்தது. நீக்கு என்று அழுத்தினான்.

மெஷின் மறுத்தது. அழைப்பு காத்திருக்கும் எண்ணை நீக்க முடியாது.

காத்திருப்பவர்கள் எத்தனை என்று கேட்டான்.

இரண்டு.

முதல் அழைப்பு, 9999 மணி நேரம். அதற்குமேல் அந்த மெஷினுக்கு எண்ணத் தெரியாது.

இரண்டாவது அழைப்பு, ஆறு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம்.

எங்கிருந்து என்று கேட்டான். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. 317. பெல் தாத்தாவின் எண்.

நேற்று அக்காவின் போனுக்கு எண் வேண்டியிருந்தது. பயன்படாத எண்கள் என்ற பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். எண்ணைக் கொடுக்குமுன் அதை வேறெங்காவது திருப்பி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அக்காவின் வண்டி வந்துகொண்டிருந்தது.

317.

அக்கா மகளோடு பேசவில்லை. காலை எட்டு மணியிலிருந்து மணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் தன் கைப்பேசியில் நர்ஸ் மேசையை அழைத்தான். எடுத்தவள் எதையோ மென்றுகொண்டே பேசினாள். அந்த ரூமிலிருந்து ஒரு போனும் வரவில்லை, நன்றாகத் தூங்குகிறார்கள் போல, ரவுண்டு வரும்போது பார்க்கிறோம் என்றாள். பதினோரு வருஷத்துக்கு முன் நர்ஸ் மேசை இப்படித்தான் இருந்திருக்கும். அவன் கத்தினான். சரி சரி என்று வைத்தாள். ஆயாவைப் புதுக் கட்டடத்துக்கு ஓடி அக்காவின் அறைக் கதவைத் தட்டச் சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவனும் ஓடியிருக்கலாம். ஆனால் அக்கா இங்கே இருந்தாள், இந்தத் திரையில், அழைப்பு இன்னும் உயிரோடு. எடுத்தால் இந்த நொடியே குரல் கேட்கும்.

டெஸ்ட் போனின் இரண்டு கிளிப்பையும் அலமாரியில் 999க்கான முனையில் மாட்டினான்.

ஒன்று அவனுக்குத் தெரியும். வரிசை வரிசைதான். முதலில் வந்தவரைத் தாண்டி இரண்டாமவரை எடுக்க மெஷின் விடாது. அப்படி அமைத்ததும் அவன்தான்.

காதில் வைத்தான்.

மணி நின்றது.

யாரோ மூச்சு விட்டார்கள். நீர் நிறைந்த மூச்சு. சளிக்குள் காற்று புகுந்து உடைந்தது.

காதுமடலில் ஏதோ இறங்கியது. வெதுவெதுப்பாக.

நாற்றம் போனுக்குள்ளிருந்து வந்தது. அழுகிய பல், மூத்திரம், டெட்டால். அவன் வாய்க்குள் எச்சில் ஊறிக் கசந்தது. போனைக் காதிலிருந்து எடுக்க முயன்றான். தோல் அதோடு கூட வந்தது. விட்டுவிட்டான்.

குரல் பணிவாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"அம்மா... கொஞ்சம் புரட்டிப் போடறீங்களா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். நாற்றத்தால் மட்டும் இல்லை. வாங்கிக் குடித்த டீ நினைவுக்கு வந்தது. அதில் ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் காத்திருந்தது. காத்திருக்கப் பழகிய மூச்சு.

ஏதாவது சொன்னால்தான் வரிசை நகரும்.

"இதோ வரேங்க," என்றான்.

"சரிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

லைன் மாறியது. காது போனிலிருந்து விடுபட்டது.

"டேய் சின்னவனே," என்றாள் அக்கா. குரல் காற்றாக இருந்தது. "எவ்வளவு நேரம்டா."

வயிறு நனைந்துவிட்டது என்றாள். காலையிலிருந்து நனைந்துகொண்டிருக்கிறது, கையை வைத்தால் உள்ளே போகிறது என்றாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆயாவின் குரல், பிறகு யாரோ ஓடுகிற சத்தம்.

"பயமா இல்லடா. கூட ஒருத்தர் லைன்ல இருந்தாரு. அவருக்கும் யாரும் எடுக்கலையாம். எடுப்பாங்கம்மா, வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு."

போன் கைமாறியது. அறுந்தது.

திரையில் காத்திருப்பவர்கள், பூஜ்யம். அவன் 999ஐ நீக்கினான். 317 திருப்பப்பட்டிருந்ததையும் நீக்கினான். இரண்டையும் மெஷின் ஏற்றுக்கொண்டது. வராந்தாவில் ஓடினான். கடைசி அறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, ரிசீவர் மறுபடி மெத்தைமேல் கிடந்தது.

தையல் பிரிந்திருந்தது. டாக்டர் மறுபடி தைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவனுக்கு முகமூடியும் அங்கியும் கொடுத்து ஐந்து நிமிஷம் அனுமதித்தார்கள். ஐந்தரை மணி. பழைய மெஷினை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா வெளுத்துக் கிடந்தாள். விரிப்பு மாற்றியிருந்தார்கள். அழுக்கு விரிப்பு இன்னும் வாளியில் இருந்தது. கட்டிலருகே போன், ரிசீவர் அதன் இடத்தில். அவளுடைய இடது கன்னத்தில் ரிசீவரின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் தன் காதைத் தொட்டான். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுபிசுத்தது.

சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

317.

கட்டிலருகே இருந்த 317ஐப் பார்த்தான். ரிசீவர் அசையாமல் இருந்தது.

கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டான். பத்து தடவை அடித்தால் அது தானாக நின்றுவிடும். இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று.

அக்கா கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

"எடுடா. வரேன்னு சொன்னியாமே."

அங்கியின் மார்பில், பை இருந்த இடத்தில், மஞ்சளாக ஈரம் பரவியது.