மெயினில் தொங்கிய அட்டை

நாங்கள் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. பேய்க்கதைக்கு லாயக்கில்லாத நேரம் என்று எனக்கே தெரியும். என்ன செய்ய, எனக்கு நடந்தது பட்டப்பகலில்தான்.

எட்டு மாடி. பழைய அலுவலகக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட். அது மூன்று நாளாக முனகுகிறது, அடியில் தண்ணீர் வேறு தேங்கியிருக்கிறது என்று மேனேஜர் போன் போட்டு உயிரை எடுத்துவிட்டார். நானும் என் மனைவியின் தம்பியும் போனோம். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம், அவனுக்கு ஏழு. அவனை இதில் இழுத்துவிட்டவனே நான்தான்.

"மாமா, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? வீட்டுலயே இருந்திருக்கலாம்ல?" என்றான் படியேறும்போது.

"கேஸ்டா மாப்ள. நேத்து சரியா சாப்பிடல."

பொய். மூன்று மாதமாக எனக்கு எல்லாவற்றுக்கும் கேஸ்தான். தலைசுற்றினால் கேஸ், எடை குறைந்தால் கேஸ், சிடுசிடுவென்று எரிந்துவிழுந்தால் அதுவும் கேஸ். டாக்டர் சொன்னதோ வேறு. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மாத்திரைக்கெல்லாம் இது அடங்காதுங்க. ஊசிதான். தினமும் போடணும், ஆயுசுக்கும் போடணும்" என்றார். சர்க்கரை வியாதி. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஆனால் நான் கொலை செய்துவிட்டு வந்தவனைப்போல வீட்டுக்குள் நுழைந்தேன். ஊசியையும் மருந்தையும் டூல்ஸ் பையின் அடியில், கிரீஸ் துடைக்கும் துணிக்குள் சுருட்டி வைத்தேன். வீட்டில் என் மனைவி தொடாத ஒரே பொருள் அந்தப் பைதான்.

ஏன் அவ்வளவு வெட்கம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ஒரு சீனியர் இருந்தார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார். நான் விடுவேனா? "அண்ணன் உட்கார்ந்த இடத்துல எறும்பு வருது பாருங்கடா" என்று ஆரம்பித்துவைத்தேன். அதிலிருந்து அவர் பெயரே எறும்பண்ணன் ஆகிவிட்டது. அவர் ஊசி எடுத்தால் நான் உஸ் உஸ்ஸென்று சத்தம் கொடுப்பேன், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாளில் எங்கள் முன்னால் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன் அவரை, லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கிற ஒரு மெஷின் ரூமில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததில் சுகர் சட்டென்று இறங்கிவிட்டதாம். மெஷினுக்குப் பின்னால், சட்டையைத் தூக்கியபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கைக்கெட்டும் தூரத்தில் இன்டர்காம்.

அது இந்தக் கட்டடம்தான்.

மெஷின் ரூம் மொட்டைமாடியில், ஜன்னலே இல்லாத ஒரு பொட்டி. வேலையை ஆரம்பிக்கும் முன் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை அதில் மாட்டவேண்டும். அவரவர் அட்டையை அவரவர்தான் கழற்றலாம். ஒரு அட்டை தொங்கினாலும் மெயினைப் போடக்கூடாது, ஏனென்றால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் எங்கோ லிஃப்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறான். மச்சினனும் மாட்டினான், நானும் மாட்டினேன். லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. அதன் அடியில் உள்ள குழிக்கு, நாங்கள் பிட் என்போம், தண்ணீர் இறைக்க அவன் இறங்கிப் போனான்.

அவன் காலடி ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட்டின் வாடை வந்தது.

நான் இன்னும் பையையே திறக்கவில்லை.

பழைய வாடையாக இருக்கும், அல்லது என் மூக்குதான் கோளாறு என்று சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டேன். அரைமணியில் சாப்பிட்டாகவேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிறேன், மேனேஜர் மேலே வந்துவிட்டார். லிஃப்ட் எப்போது ஓடும், ஏன் ஓடவில்லை, போன தடவை மாற்றிய கயிறு எத்தனை வருடம் வரும் என்று முக்கால் மணி நேரம் கழுத்தறுத்தார். "சார், நான் சாப்பிடணும்" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் இப்பவே என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் போனதும் மெஷினுக்கு கிரீஸ் வைக்க ஆரம்பித்தேன். சாப்பாடு ஞாபகமே இல்லை. அதுதான் இந்த வியாதியின் விஷமம், சுகர் இறங்கும்போது முதலில் புத்தியைத்தான் கொண்டுபோகும்.

சட்டை நனைந்தது.

மெஷினுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று ஏனோ தோன்றியது. வேலை முடிந்தால் அட்டையைக் கழற்று, மெயினைப் போடு. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. கழற்றினேன். போட்டேன். பேனலில் விளக்குகள் எரிந்தன, உள்ளே டக்கென்று ஏதோ விழுந்தது. ஆனால் மெஷின் சுற்றவில்லை.

கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தேன்.

இரண்டு அட்டைகள்.

மேலே இருந்த போட்டோவில் என் மச்சினன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஐயோ! மெயினை அணைத்த கை எனக்குச் சொந்தமானதாகவே இல்லை. பிட்டில் இறங்கும்போது அங்கிருக்கும், லிஃப்டை நகரவிடாமல் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்குவது அவன் வழக்கம். இன்றும் அமுக்கியிருக்கிறான். அதனால்தான் லிஃப்ட் அவன் தலைமேல் இறங்கவில்லை. நான் அவனைக் காப்பாற்றவில்லை, அவன் கவனம் அவனைக் காப்பாற்றியது.

இன்டர்காம் அலறியது. அட்டைகளைத் தரையில் போட்டுவிட்டு எடுத்தேன்.

"மாமா, மெயின் போட்டீங்களா? ஏதோ சத்தம் கேட்டுச்சே."

"இல்லையே மாப்ள."

அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பொய்.

"சரி சரி. எனக்குத்தான் ஏதோ பிரமை."

ரிசீவரை வைத்துவிட்டு அட்டையை எடுக்கக் குனிந்தேன். தரையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தேன். இரண்டு அட்டைகளும் மெயினில் அதனதன் இடத்தில் தொங்கின.

அவனுடையது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி."

மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். பரிவான குரல். கோபம் ஒரு சொட்டு இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மெஷினின் ஓரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஒளிகிற முதுகு. அந்த முதுகை எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நானும் அப்படித்தான் உட்காருகிறேன்.

"அண்ணே..." என்றேன். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வந்தேன். நாக்கு புரளவில்லை.

"வந்து உட்காரு. தானா சரியாயிடும். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்."

கதவில் தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. மெதுவாக, சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாதென்று நகர்வதுபோல.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு உட்காரத்தான் ஆசையாக இருந்தது. உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் விளக்கவேண்டாம். மனைவிக்கு என்ன பதில் சொல்வது, அவள் தம்பியை எப்படிப் பார்ப்பது, எதுவும் வேண்டாம். முழங்கால் பாதி மடங்கிவிட்டது.

இன்டர்காம் மறுபடி அடித்தது.

"எடுக்காதே" என்றது குரல். "கேப்பாங்க. எல்லாம் கேப்பாங்க."

எடுத்தேன்.

"மாமா, தண்ணி இறைச்சாச்சு. சாப்பிடலாமா?"

"மாப்ள..." என்றேன். பல் கிட்டியது. "எனக்கு சுகர்டா. ஊசி போடறேன். இறங்கிடுச்சு. மேல வா."

மறுமுனையில் ரிசீவர் ஆடி எதிலோ மோதும் சத்தம்.

எட்டு மாடி ஓடிவந்திருக்கிறான். கதவை உதைத்தான். நான் தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைப் பிடித்தேன். என் விரல்மேல் இன்னொரு கை இருந்தது, ஐஸ்கட்டி மாதிரி. அது என்னைத் தடுக்கவில்லை. கெஞ்சுவதுபோல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. எப்படி இழுத்தேன் என்று தெரியாது. கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. சாப்பாட்டுக்கென்று அவன் வாங்கிவைத்திருந்த கலர் சோடா பாட்டிலை என் வாயில் கவிழ்த்தான். பாதி சட்டையில் போனது.

"மாமா, என்னைப் பாருங்க. முழுங்குங்க. உங்ககூட உள்ள யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"யாரோ வேணாம் வேணாம்னு அழுதுட்டு இருந்தாங்களே?"

நான் திரும்பிப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால் வெறும் சுவர்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி என்னை உரித்து எடுத்துவிட்டாள். "அப்படி என்ன பாவம் பண்ணிட்டீங்கன்னு என்கிட்ட மறைச்சீங்க? நான் என்ன மூணாம் மனுஷியா?" என்று அழுதாள். அழுதுகொண்டே டாக்டர் சீட்டை வாங்கி வரிவரியாகப் படித்தாள். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று எழுதி ஒட்டினாள். அவள் முன்னாலும் மச்சினன் முன்னாலும் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து ஊசி போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதச் சுமை இறங்கியதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சினன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் பிட்டுல இருக்கும்போது மெயின் போட்டீங்களா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆமாம் என்றால் போதும். திட்டுவான், பிறகு மன்னிப்பான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அக்கா தம்பி இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் மேலே நிற்க நீங்கள் கீழே பிட்டில் இறங்கப்போவதில்லை. அவன் நாளைக்கும் இறங்குவான்.

"இல்ல மாப்ள. நான் போய் அப்படிச் செய்வேனா?"

"அதானே. நீங்க செய்ய மாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்று நிம்மதியாகச் சிரித்தான்.

மேசைமேல் எங்கள் மூன்று பேரின் ஆறு கைகளும் இருந்தன.

மேசைக்கு அடியில் என் முழங்காலை யாரோ ஆதரவாக இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்கள்.