அழகுமலையின் வாளி

தீவன வாளியை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று.

கூடாரத்து ஆணியை அடித்துக்கொண்டிருந்த விஜயபாஸ்கரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. வளைகுடாவில், அல் ஐன் நகரைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு நடுவே விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் ஆசைக்கு வளர்க்கும் ஆப்பிரிக்க மிருகப் பண்ணைக்கு அவன்தான் மேனேஜர். 2006 டிசம்பரின் அந்த வெள்ளிக்கிழமை, வேலையாட்களை டவுனுக்கு அனுப்பிவிட்டு, மனைவி அருணா, ஆறு வயது மகள் நிவியோடு வேலியோரம் கேம்ப் போட வந்திருந்தான். தீவனத்தை நாலு மணிக்கே அவன் கையால் போட்டாயிற்று.

"கென்யா கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அருணா, சிக்கனில் மசாலா தடவியபடி.

"கென்யாவே இங்க வந்திருச்சுல்ல? அதுங்களுக்கு விசா அடிச்சதே நான்தான்."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தட்டு, தீவனம் போட மிருகங்களைக் கூப்பிடும் வேலையாள் அழகுமலையுடையது.

போன மாதம் கழுதைப்புலிக் கூண்டுக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்தது. உள்ளே ரெண்டு ஆளாகத்தான் இறங்க வேண்டும் என்பது பண்ணைச் சட்டம். இரண்டாவது ஆளை விஜயபாஸ்கர் தன் கார் கழுவ அனுப்பியிருந்தான். "அஞ்சு நிமிஷ வேலைடா, யல்லா, சீக்கிரம் இறங்கு," என்று அழகுமலையைத் தனியாக இறக்கினான். மிஞ்சியது ஒற்றைச் செருப்பு. அதை மணலில் புதைத்துவிட்டு, ஆள் ஓடிவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். அழகுமலை இனி இந்த நாட்டுக்குள் நுழையத் தடை என்று முத்திரையும் விழுந்தது. செத்தவனுக்கு அது ஒன்றுதான் பாக்கியிருந்தது.

காலையில்கூட ஊரிலிருந்து அழகுமலையின் மனைவி போன் செய்தாள். "அண்ணே, தகவல் எதுவும் வந்துச்சா?"

"ஓடுறவன் சொல்லிட்டாம்மா ஓடுவான்?" என்றிருந்தான்.

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்க இறங்க, ஈரப் புல்லும் மிருக மூத்திரமும் கலந்த வாடையில் இரும்பு வாடை ஒன்று மெல்ல வந்து சேர்ந்தது; அசைபோடும் சத்தம், வால் வீசும் சத்தம், ஜெனரேட்டரின் முனகல் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, வாளித் தட்டு மட்டும் மிஞ்சியது.

ஒட்டகச்சிவிங்கிகளின் தலைகள் திரும்பின. எல்லாம் ஒரே நேரத்தில். வேலியின் அந்தக் கோடியைப் பார்த்தன. பிறகு மெல்ல மெல்ல இந்தப் பக்கம். நடந்து வரும் ஒருவனைப் பார்ப்பதுபோல.

தட்டு. தட்டு. தட்டு.

"அருணா, புள்ளையத் தூக்கிட்டு வண்டியில ஏறு."

"என்னங்க ஆச்சு?"

"ஏறுன்னா ஏறு!"

நிவி அசையவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் யாருக்கோ கையாட்டினாள்.

"டாடி, அந்த அங்கிளுக்கு ஒரு கால்லதான் செருப்பு இருக்கு."

தலைகள் நின்றன. வாளி மணலில் இறங்கியது. விஜயபாஸ்கரின் காலடியில். காலி வாளி.

பக்கத்துக் கூண்டுக்குள் கழுதைப்புலிகள் சத்தமே போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்காருவதுபோலக் கதவோரம் வரிசையாக உட்கார்ந்து, அவனையே பார்த்தன.

கூண்டுக் கதவின் கொண்டி தானாக மேலே எழும்பியது.