பாடும் குளியலறை

அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு விதி இருந்தது. குளியலறைக்குள் போகிறவர்கள் வெளியே வரும்வரை பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். பாட்டு நின்றால் அடுத்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

காரணம் கதவுதான். அது ஒரு பக்கமாகத் தொங்கிப்போய், தாழ்ப்பாள் அதன் துளைக்குள் விழாமலே பல மாதங்கள் ஆகியிருந்தன.

வாயாடி என்று எல்லாரும் அழைத்த பெண்ணுக்கு அதனால் தொல்லை ஒன்றும் இல்லை. பதினொரு வயதான அவள், தெரியாத பாட்டையும் தெரிந்ததுபோலவே பாடுவாள். திண்டாட்டம் எல்லாம் அவளுடைய தங்கை பட்டாணிக்குத்தான். ஆறு வயதுப் பட்டாணிக்குப் பாட வெட்கம். பாடாமல் உள்ளே போகப் பயம். அக்கா அருகில் இருந்தால் வாசலில் நின்று அவளுக்காகப் பாடுவாள். ஆனால் அக்கா பள்ளியிலிருந்து வர மாலை ஆகிவிடும். ஆகவே பட்டாணி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

விளைவு, அடிவயிற்றில் வலி, அதன்பின் காய்ச்சல்.

"தண்ணி நிறையக் குடிக்கணும், சொல்லிட்டேன்," என்றார் செவிலியர். "மறுபடியும் காய்ச்சல் வந்தா பெரிய ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்."

"அக்காவும் வரலாமா?" என்று பட்டாணி முணுமுணுத்தாள்.

"அங்க துணைக்குப் பிள்ளைங்களைத் தங்க விடமாட்டாங்கம்மா."

அன்றிலிருந்து வாயாடி தங்கையின் பின்னாலேயே தம்ளருடன் அலைந்தாள். பட்டாணி வாங்கிக்கொள்வாள். ஆனால் பூச்செடிதான் நன்றாக வளர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் தொலைவிலிருந்த திருச்சபை ஒன்றிலிருந்து ஊழியக் குழு வந்து இறங்கியது. சாப்பாட்டு அறைச் சுவருக்கு வண்ணம் பூசுவது அவர்களுடைய திட்டம். சென்ற ஆண்டு வந்த குழுவும் அதே சுவருக்குத்தான் பூசியது. அதற்கு முன் வந்த குழுவும் அப்படியே. ஆண்டுக்கு ஆண்டு அந்தச் சுவர் பருத்துக்கொண்டே வந்தது.

"வந்தவங்க கிட்ட யாரும் குறை சொல்லக் கூடாது," என்றார் இல்லத்தின் காப்பாளர் அம்மா. "முக்கியமா நீ!" என்று வாயாடியைப் பார்த்தார்.

"நான் வாயே திறக்கமாட்டேம்மா!"

"அதைச் சொல்லும்போதே திறந்துட்டியே."

குளியலறைப் பக்கம் சென்று வந்த குழுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பக்தியான பிள்ளைங்க! குளிக்கும்போதுகூட ஆண்டவரைத் துதிக்கிறாங்களே!" என்றார். காப்பாளர் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

குழுவில் நெட்டை அண்ணன் என்று ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். அவர் சுவரில் பூசியதைவிடத் தம் சட்டையில் பூசியதே அதிகம். மதியத்திற்குள் தலைவி அவருடைய தூரிகையை வாங்கிக்கொண்டு, வாளி கழுவ அனுப்பிவிட்டார்.

குழாயடியில் அவர் தனியே உட்கார்ந்திருந்ததை வாயாடி பார்த்தாள்.

"என்னண்ணா, முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஊழியத்துக்குப் போறேன்னு வீட்டுல பெருமையா சொல்லிட்டு வந்தேன். வந்து வாளி கழுவுறேன். என்னால இங்க யாருக்கு என்ன பிரயோஜனம்? எனக்கு ஏத்த வேலை ஏதாவது இருந்தா நீயாவது சொல்லேன்."

வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குறை சொல்லக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் இவர் குறையைக் கேட்கவில்லையே! வேலையைத்தானே கேட்கிறார்?

"ஒண்ணு இருக்கு. ஆனா ரொம்பச் சின்ன வேலைண்ணா."

குளியலறைக் கதவை அவர் இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பாட்டெல்லாம்...?"

"துதி இல்லண்ணா. தாழ்ப்பாள் விழாது, அதான்."

அண்ணன் சுவரில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வாயாடி பட்டாணியைப் பற்றிச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அவர் விடுவிடுவென்று கடைக்கு நடந்தார்.

புதிய தாழ்ப்பாளும், குழு வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் இரவல் வாங்கிய திருப்புளியும் வந்து சேர்ந்தன. அண்ணன் நெற்றி வியர்க்க ஒவ்வொரு திருகாணியாக முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிப்பக்கம் போட்டிருக்கீங்களே! உள்ளே போறவங்களை ஜெயில்ல வைக்கப் போறோமா?"

"ஐயையோ!"

மறுபடியும் எல்லாம் கழற்றப்பட்டது. இம்முறை தாழ்ப்பாள் உட்பக்கம், சரியான உயரத்தில் அமைந்தது. பட்டாணியின் கைக்கு எட்டும் உயரத்தில்.

"போய்ப் பாருடி," என்றாள் வாயாடி.

பட்டாணி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். டக் என்று ஓர் ஓசை. அதன்பின் உள்ளே சத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைவி தோளில் துண்டுடன் வந்தார். அதற்குள் அவருக்கும் அந்த விதியை யாரோ சொல்லியிருந்தார்கள் போலும். காது கொடுத்துக் கேட்டார். பாட்டு இல்லை. கதவைத் தள்ளினார்.

வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு அசையவில்லை.

"ஆள் இருக்கு!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவ்வளவு உரத்த குரல் பட்டாணியிடம் உண்டு என்பது அவளுடைய அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது.

பட்டாணி வெளியே வந்தாள். நேரே தண்ணீர்ப் பானையிடம் போனாள். ஒரு தம்ளர் முழுவதும் மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தம்ளர் மொண்டாள். வாயாடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி கதவைப் பார்த்தார்; அண்ணனைப் பார்த்தார்; கடைசியில் வாயாடியைப் பார்த்தார்.

"இது மாதிரி இன்னும் ஏதாவது இருக்காம்மா?"

சத்தம் கேட்டு அங்கே வந்து நின்ற காப்பாளர் அம்மாவின் முகத்தை வாயாடி பார்த்தாள். அம்மா சம்மதமாக மெல்லத் தலையை அசைத்தார்.

"வேலையா ஆன்ட்டி? நிறைய இருக்கு!" என்று வாயாடி விரலை மடக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து வழக்கம்போலப் பாட்டுக் கேட்டது. உள்ளே வாயாடிதான். கதவை நன்றாகத் தாழிட்டுக்கொண்டு, பாட ஆசையாக இருந்ததனாலேயே பாடிக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

"பாட்டை அப்புறம் பாடிக்கோ அக்கா!" என்று கத்தினாள் பட்டாணி. "நான் மூணு தம்ளர் குடிச்சிருக்கேன். சீக்கிரம் வா!"