மூன்றரை விரல் பிடி

வார்ப்பு மண்ணை உடைத்ததும் சாமுண்டீஸ்வரியின் கண்ணில் முதலில் பட்டது மோதிர விரலுக்கான பள்ளம்தான். அது பாதியிலேயே நின்றிருந்தது.

பழைய அம்பாசடரைப் பிரித்து ரேஸ் வண்டியாகக் கட்டிக்கொண்டிருந்த கார்த்திக், கியர் தண்டுக்குத் தன் கைக்கேற்ற பித்தளைப் பிடி கேட்டிருந்தான். போன வாரம் மெழுகு உருண்டையை அவனே இறுக்கிப் பிடித்து அச்சு கொடுத்துவிட்டுப் போனான். நான்கு விரலும் முழுசாகப் பதிந்ததை அவள் பார்த்திருந்தாள்.

போன் போட்டாள். "தம்பி, உன் மோதர விரல்ல அடி கிடி பட்டுக்கிதா?"

"இல்லியேக்கா. இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நாளிக்கி வந்து வாங்கிக்க."

மறுபடியும் உருக்கி ஊற்ற உடம்பில் வலு இல்லை. புருஷன் லோகநாதன் விட்டுப்போன ஷெட்டில் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே தோள் இற்றுப்போயிருந்தது. அரத்தால் பள்ளத்தை நீட்டிவிடலாம் என்று பிடியை வைஸில் பூட்டி உட்கார்ந்தாள். கோட்டைக்குப்பத்துக் கூரைகளிலிருந்து வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் பித்தளைச் சூட்டையும் டீசல் நாற்றத்தையும் மீறி ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. வார்ப்புக்கு வைத்திருந்த களிமண் தீர்ந்துபோனதால், இரண்டு வருஷமாகக் கால் வைக்காத ஏரியில் இறங்கி, பசியாவரத்துப் பக்கம் அவளே அள்ளி வந்த சேறு அது. சூளையில் வெந்த மண்ணில் வாடை இருக்கக் கூடாது.

லோகநாதனுக்கு மோதிர விரல் பாதிதான். மீதியை எஞ்சின் பெல்ட் தின்றிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், சேறு அள்ளிய அந்த இடத்தில்தான் இருவரும் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். தடவுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கலங்கிய தண்ணீருக்கடியில் இன்னொரு கை தட்டுப்பட்டால் பிடிக்கக் கூடாது. 'யாரு' என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அது ஆள் இல்லை, விட்டுவிட வேண்டும். அன்று ஒரு கை அவள் கையைப் பற்றியது. கேட்டாள். பதில் வரவில்லை. பயத்தில் உதறினாள், விரலை எண்ணத் தோன்றவில்லை. நிமிர்ந்தபோது தண்ணீரில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

தலை மூழ்கியவன் எப்படிப் பதில் சொல்லுவான்? உடல் கிடைத்திருந்தால் அழுது முடித்திருப்பாள். இப்போதும் தாலியோடுதான் திரிகிறாள், அழவும் முடியாமல், மறக்கவும் முடியாமல்.

அராவினாள். பித்தளைத் தூள் மடியில் உதிர்ந்தது. ஈரமாக உதிர்ந்தது. துணியால் துடைத்துப் பார்த்தாள். பள்ளம் பழையபடி பாதியில் நின்றது. மறுபடி அராவினாள். மறுபடி பாதி.

கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்ற அமைதியில், தரைக்கு அடியில் தண்ணீர் சளக், சளக் என்றது. ஷெட்டிலிருந்து ஏரி ரொம்ப தூரம்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவ்வளவு களைப்பு. வைஸைத் தளர்த்திப் பிடியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கைக்குள் பாந்தமாக உட்கார்ந்தது. எத்தனையோ வருஷம் பழகிய பொருத்தம்.

இந்தத் தடவை கேட்கவில்லை. இறுகப் பிடித்தாள்.

பித்தளை திருப்பிப் பிடித்தது.

சில்லென்று. மூன்றரை விரல்.

சிமெண்ட் தரை குழைந்தது. கணுக்கால். முழங்கால். இடுப்பு.

"யாரு?"

கீழேயிருந்து. அவன் குரல்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறைய சேறு.

"யாரு?" என்று மறுபடியும் கேட்டான்.

பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அவன் விடவில்லை.