ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே

"அது இன்டர்லாக்கே இல்லை ஜலா, எத்தனை வாட்டி சொல்றது..."

"இல்லைன்னா எதுக்குங்க எரியுது? முதல்ல அதைச் சொல்லுங்க..."

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது! உன் லிஸ்ட்டுக்கு அது..."

"என் லிஸ்ட்டா? எங்கப்பா சீதனமாக் குடுத்த லிஸ்ட்டா அது? கம்பெனி லிஸ்ட்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பாய்லர் அறையில் புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜலஜாவும் சௌந்தரராஜனும் மாதாப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை. பாய்லர்களைக் கம்ப்யூட்டரால் கட்டுப்படுத்தும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி. அதில் வருகிற பெயர்களை அவள் பார்ப்பாள், எழுதியதை அவன் இயக்கிப் பார்ப்பான். வேலை முடிந்து அல்வாலுக்குத் திரும்பும்போது காரில் பாதிச் சண்டை, வீட்டில் மீதிச் சண்டை. இன்றைக்கு முழுச் சண்டையும் இங்கேயே நடந்தது.

சண்டை ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றி. கண்ட்ரோல் பேனலில் கடைசி வரிசையில், மூலையில், சுண்டைக்காய் அளவு. மற்ற விளக்குகளுக்குக் கீழே எல்லாம் ஆங்கிலத்தில் பொறித்த தகடு இருந்தது. இதற்கு மட்டும் யாரோ வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுத் தெலுங்கில் எழுதியிருந்தார்கள். யாதகிரி.

ஒரே முதலாளிக்கு ஐந்து தொழிற்சாலை, ஐந்திலும் பாய்லர். தண்ணீர் குறைந்தால் எண்ணெயை நிறுத்துகிற இன்டர்லாக் என்னும் பூட்டுக்கு ஓரிடத்தில் 'லோ வாட்டர்', இன்னோரிடத்தில் 'லெவல் கட்', மூன்றாவது இடத்தில் 'மிதவை'. ஒரு தொழிற்சாலையிலிருந்து மாற்றலாகி வந்த ஆபரேட்டர் பெயர் புரியாமல் தடுமாறிக் கையைச் சுட்டுக்கொண்டபிறகுதான், ஐந்துக்கும் ஒரே பெயர் லிஸ்ட் போட்டுக் கொடுங்கள் என்று ஜலஜாவிடம் வந்தார்கள். அன்றிலிருந்து நாலு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை. மீட்டிங் மேல் மீட்டிங். ஒவ்வொரு மேனேஜரும் தன் தொழிற்சாலைச் சொல்லைப் பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, மற்றவன் சொல்லை மட்டும் வெட்டச் சொன்னார். பிஸ்கட்டும் டீயும் தீர்ந்ததே தவிர ஒரு பெயரும் தீரவில்லை. எப்படியோ இழுத்துப் பிடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். இந்த ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலை இங்கே நீராவி வேண்டும்.

"இருதயராஜ் சார், நீங்களாவது சொல்லுங்களேன். யாதகிரின்னா என்ன?"

பாய்லர் பொறுப்பாளர் இருதயராஜ் மூக்கைச் சொறிந்தார். மல்காஜ்கிரியில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் ஊர்ப் பேச்செல்லாம் கலந்து கிடக்கும்.

"அது ஒரு ஆள் பேரு மேடம். இங்க வேலை பாத்தவன். உள்ள பூந்து கரி சுரண்டிட்டிருந்தான். வெளிய இருந்தவனுக்குத் தெரியல, சுவிட்சைப் போட்டுட்டான்."

"ஐயோ."

"ஹவ், ஆமா. அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டாங்க. பத்த வைக்கிறதுக்கு முன்னாடி உலை வாயில நின்னு, 'யாதகிரி, பயடிகி ரா'ன்னு கூப்பிடுவாங்க. வெளிய வாப்பான்னு. விளக்கு அணைஞ்சா சுவிட்சு. அணையலைன்னா மறுபடி கூப்பிடுவாங்க."

"விளக்கு எதைப் பாத்து அணையுது?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு மேடம்? லேபர் சமாதானமா இருந்தா சரி."

சௌந்தரராஜன் பேனலின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான். விளக்கின் முதுகிலிருந்து வந்த இரண்டு கம்பிகளும் விரல் நீளத்தில் வெட்டி, டேப் சுற்றிக் கிடந்தன. அவை எங்கேயும் போகவில்லை. ஆனாலும் முன்பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பழைய எண்ணெய் மாதிரிக் கலங்கின மஞ்சளாக.

"எங்கேயோ லீக்கேஜ்," என்றான். "ஜலா, பேரை எடுத்துடு. ஒரு செத்தவன் பேரையா ஐஞ்சு தொழிற்சாலைக்கும் போட முடியும்? 'ஆள் வெளியேறியாச்சு'ன்னு போடு. உள்ள போறவன் பலகையிலேர்ந்து டோக்கனை எடுத்துட்டுப் போறான், வந்து மாட்டுறான். டோக்கன் பலகையில இல்லைன்னா ஃபேன்கூட ஓடாது. ஒருத்தன் உள்ள, ஒருத்தன் வெளிய. கணக்கு சரி. யாரு எவருன்னு மெஷினுக்கு எதுக்கு?"

"எதுக்கு எரியுதுன்னு தெரியாம எடுக்கிறது எனக்குப் பிடிக்கலை."

"நாலு மாசமா உனக்கு எதுதான் பிடிச்சுது? என்கூடப் படிச்சவன்லாம் கலிபோர்னியாவுல வீடு வாங்கிட்டான். நான் ஞாயித்துக்கிழமை அதுவுமா ஜீடிமெட்லாவுல பேய்க்குப் பேர் வெச்சுட்டிருக்கேன்."

"அப்ப ஒரு தடவை கூப்பிட்டுட்டாவது ஆரம்பிக்கலாம். சார், நீங்க கூப்பிடுங்களேன்."

"நக்கோ மேடம், வேணாம்!" இருதயராஜ் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "காலையிலதான் பூசை பாத்துட்டு வந்திருக்கேன். நான் போய் டேங்கு வால்வைத் திறக்கிறேன்." சொல்லிக்கொண்டே முற்றத்துப் பக்கம் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜலஜா லேப்டாப்பில் யாதகிரி என்ற வரியை அழித்தாள். புதுப் பெயரை அடித்து, புரோகிராமைப் பேனலுக்கு ஏற்றினாள்.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

"பாத்தியா!" என்றான் சௌந்தரராஜன், ஏதோ தானே ஊதி அணைத்த மாதிரி. கம்பியே இல்லாத விளக்கு தன் சொல்லை எப்படிக் கேட்டது என்று ஜலஜாவுக்குப் புரியவில்லை.

"நான் உலைக்குள்ள போயி சுவர்ச் செங்கல்லைப் பாத்துட்டு வரேன். டோக்கனும் டெஸ்ட் ஆச்சு." பலகையிலிருந்த பித்தளை வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எண்ணெயைப் பீய்ச்சும் பர்னர் ஒரு கதவு மாதிரிக் கீலில் திறந்து நின்றது. அதற்குப் பின்னால் உலை, படுக்க வைத்த பெரிய குழாய் மாதிரி, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலத்தில். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவன் உள்ளே போனான். ஷூவின் அடிப்பாகம் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

ஜலஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை இறங்கப் போகிற புழுக்கத்தில் உலை எண்ணெயின் கனத்த நெடி அறைக்குள் தேங்கி, நாக்கில் கசப்பாகப் படிந்தது. தகரக் கூரை வெயில் தணிந்து ஒவ்வொரு தகடாக நெளிந்து 'டிக்' என்றது. எங்கேயோ ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுந்து, நின்று, அவள் மறந்த நேரம் பார்த்து மறுபடி விழுந்தது. உலையின் வாயிலிருந்து குளிர்ந்த கரியின் வாசம் மூச்சு விடுகிற மாதிரி வந்து வந்து போயிற்று.

"கேக்குதா?" அவன் குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவது போல முழங்கியது.

"கேக்குது. சீக்கிரம் வாங்க."

"செங்கல்லு நல்லாத்தான் இருக்கு. ஜலா, தட்டாதே."

"நான் எங்கே தட்டினேன்?"

"சுரண்டுறியே, கேக்குதே."

"நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேங்க. லேப்டாப் மடியில இருக்கு."

அப்போது அவளுக்கும் கேட்டது. கரண்டியால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாத ஒரு கை செய்கிற வேலை.

"எலியா இருக்கும்," என்றான். சிரிக்கப் பார்த்தான். "ஹைதராபாத் எலிக்கு பாய்லர்கூட... ஜலா, ஒரு நிமிஷம்."

"என்னங்க?"

மடியிலிருந்த லேப்டாப்பை அவள் மூடினாள்.

"என்னன்னு கேக்கிறேன்ல? விளையாடாதீங்க."

உலைக்குள் ஆடிக்கொண்டிருந்த டார்ச் வெளிச்சம் நின்றது. சுரண்டலும் நின்றது. அவள் எழுந்து வாய்க்கு அருகே போனாள். இருட்டு. அதிலிருந்து முதலில் இரண்டு கால்கள், பிறகு இடுப்பு, முதுகு என்று பின்பக்கமாகவே ஊர்ந்து அவன் வெளியே வந்தான். தலையிலிருந்து கால்வரை கரி. சட்டை என்ன நிறம் என்றே தெரியவில்லை.

"கேட்டா பதில் சொல்ல மாட்டீங்களா? உயிரே போயிடுச்சு எனக்கு."

அவன் பலகையில் வில்லையை மாட்டினான். பர்னர் கதவைத் தள்ளி மூடி, ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். பழகிய கை, பார்க்காமலே முறுக்கியது.

"கோவமா? நான் என்ன தப்பா சொன்னேன்? பேரை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். சுரண்டலை, தட்டலை. இதுக்கு மேல என்ன வேணும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!"

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாலு மாத எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது ஜலஜாவுக்கு. சரி, பேசாவிட்டால் போ. பேனல் திரையைப் பார்த்தாள். தண்ணீர், பச்சை. எண்ணெய் அழுத்தம், பச்சை. ஆள் வெளியேறியாச்சு, பச்சை. ஒருவர் உள்ளே போனார், ஒருவர் வெளியே வந்தார். கணக்கு சரி.

தொடங்கும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

ஃபேன் முனகி, உறுமி, வேகம் பிடித்தது. உலைக்குள் தங்கிய எண்ணெய் ஆவியையெல்லாம் அது ஊதித் தள்ளும். தள்ளி முடித்ததும் தானாகப் பொறி விழும், பொறியில் எண்ணெய் பாயும். அதற்குமேல் யாரும் எதையும் தொட வேண்டாம். நடுவில் நிறுத்தவேண்டுமென்றால் பேனலில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு.

கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாக நெருப்பு பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக அவள் பர்னரிடம் போனாள். அவனைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டும்போது ஒரு நெடி. கரி இல்லை, எண்ணெயும் இல்லை. அடுப்படியில் குனிந்தபோது முன்மயிர் பொசுங்குமே, அது.

அவள் கண் தரைக்குப் போயிற்று.

வெறுங்கால்.

ஷூ எங்கே? ஷூ போட்டுக்கொண்டுதானே உள்ளே போனார்?

அப்போது கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து.

மறுபடியும். உள்ளங்கையால் இரும்பில் அறைகிற சத்தம். ஃபேனின் இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல்.

"ஜலா! ஃபேன் எதுக்கு ஓடுது? ஜலா! கதவை யாரு மூடினது? டோக்கனைக் காணோம் ஜலா, பையில வெச்சிருந்தேன்..."

கண்ணாடித் துளையில் டார்ச் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. கண் கூசியது. கூச்சம் தெளிந்ததும் ஒரு முகம். கறுத்து, வியர்த்து, வாய் திறந்து. அவளுக்குத் தெரிந்த முகம். பதினாறு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்.

ஸ்பேனர். ஸ்பேனர் எங்கே?

பக்கத்தில் கரி உதிர்ந்தது. பொலபொலவென்று. ஸ்பேனர் அந்தக் கையில் இருந்தது. இன்னொரு கை சிவப்புப் பொத்தானை முழுசாக மூடியிருந்தது, தட்டில் ஈ உட்காராமல் மூடுகிற மாதிரி.

கத்த வாயைத் திறந்தாள். முற்றத்தில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. டேங்கிடம் நிற்கிற இருதயராஜுக்கு எதுவும் கேட்காது.

ஃபேனின் உறுமல் இறங்கியது.

இறங்கியது.

உள்ளே, பொறி. டிக். டிக்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த முகம் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டிப் பார்த்தது. கதவை அறைந்த கை நின்றுவிட்டது. இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில் சௌந்தரராஜன் மெல்லத்தான் கேட்டான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"ஜலா... உன் பக்கத்துல நிக்கிறது யாரு?"