ஸ்ட்ரோட் வீட்டு அகலக் கட்டில்

இரண்டு பேர் கைகாலை நீட்டிப் படுத்தாலும் நடுவில் இடம் மிஞ்சும் அந்தக் கட்டிலில், ஹெசக்கையா ஸ்ட்ரோட் ஓரத்து விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால்கள் மடங்கி, கைகள் மார்போடு ஒடுங்கி, கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்போல. காலைப் பானத்தோடு உள்ளே வந்த மகள் டார்க்கஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நடுவுல படுத்தா என்னப்பா? விழுந்துடப் போறீங்க."

"எங்க இடம் இருக்கு?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாளும் அப்படித்தான் கிடந்தார். அதற்கடுத்த நாள், இன்னும் கொஞ்சம் ஓரத்தில்.

பிரிஸ்டல் நகரத்தில் ஸ்ட்ரோட்டைத் தெரியாதவர்கள் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கப்பலோட்டிகளின் விதவைகளுக்கு இல்லம், கோயிலுக்குப் புது மணி எல்லாம் அவர் கொடுத்ததுதான். தெருவில் அவர் நடந்தால் தொப்பிகள் இறங்கும். இளமையில் ஆப்பிரிக்காவின் கினியா கரைக்குப் போய் அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்கு ஓட்டிய கேப்டன்; பிறகு அதே வழியில் சொந்தக் கப்பல்களை அனுப்பிய முதலாளி. அவர் நடந்துவரும்போது வேலைக்காரர்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். மனைவி இறந்துவிட்டாள். இரண்டு மகன்களும் ஜமைக்காவில் காய்ச்சலில் போனார்கள். மிச்சம் டார்க்கஸ் மட்டும்தான். அப்பாவிடம் எதையும் கேட்காமல் வளர்ந்தவள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டு நிர்வாகி மிஸஸ் டக்கெட் மாடிப்படியில் அவளை நிறுத்தினாள்.

"சின்னம்மா, அந்தப் படுக்கைய இனிமே நான் விரிக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஐயா எழுந்து கீழ போய் எவ்வளவு நேரமாச்சு? கணப்பும் மூட்டல. நீங்களே தொட்டுப் பாருங்க."

டார்க்கஸ் போய்த் தொட்டாள். ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்த அந்த அறையில், விரிப்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி, சூடாக இருந்தது. குனிந்தபோது அந்த வாடை வந்தது: கப்பல் கழுவும் காடியையும் பூசும் தாரையும் தாண்டிக்கொண்டு பலகையின் உள்ளிருந்து கசியும் வியர்வை, மலம், பழைய ரத்தம். அவளுக்கு அது புதிதில்லை. சின்ன வயதில், சர்க்கரையோடு திரும்பி வந்த கப்பலைக் காட்ட அப்பா அவளை அழைத்துப் போயிருந்தார். அடிமைகளை அடைத்திருந்த கீழ்த்தட்டைக் கழுவிப் புகைபோட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் அவள் வாந்தி எடுத்தாள். அப்பா சிரித்தார்.

"இது ஐயா மேல வர்ற நாத்தம் இல்ல," என்றாள் மிஸஸ் டக்கெட், வாசலைத் தாண்டாமல். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

சாயங்காலம் டார்க்கஸே சூப் கிண்ணத்தோடு மேலே போனாள். ஜனவரி மாதம், தேநீர் நேரத்துக்கே இருட்டிவிடும். கீழே துறைமுகத்தில் பாய்மரக் கயிறுகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது நின்றதும், அறைக்குள் இன்னொரு சத்தம் இருப்பது தெரிந்தது. மூச்சு. அப்பாவுடையது மேலே தனியாக, வேகமாக. அதற்கு அடியில், பெரிதாக, மெதுவாக, பல மார்புகள் ஒரே சமயத்தில் ஏறி இறங்குகிற மாதிரி இன்னொன்று.

அவருக்கு ஊட்டுவதற்காகக் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். இடுப்பில் ஏதோ இடித்தது. கண்ணுக்கு வெறும் விரிப்புதான். பிறகு அது, அவள் உட்காரட்டும் என்று, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

கிண்ணம் கைநழுவி உருண்டது. அவள் எழுந்து சுவரோடு நின்றாள்.

"அப்பா. இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல," என்றார் ஸ்ட்ரோட். "சரக்கு."

"அப்பா..."

"மல்லாக்கப் படுக்கவெச்சா இடம் வீணாகுதுன்னு கண்டுபிடிச்சது நான்தான். ஒருக்களிச்சு, ஒருத்தன் முதுகோட ஒருத்தன் ஒட்டி. தச்சனுக்கு நானே படுத்துக் காமிச்சேன். அதுக்கப்புறம் ஊர்ல எல்லாக் கப்பல்லயும் அதே மாதிரிதான் பலகை அடிச்சாங்க."

"எப்படி மூச்சு விட்டாங்க?"

"விட்டவன் விட்டான்." அவர் உதடு கோணியது. "இப்ப வந்து கேக்கற. இத்தன வருஷம் பட்டு உடுத்தினியே, அப்ப கேட்டியா?"



சிரிப்பு அவர் முகத்தில் நிற்கவில்லை. முதுகை எதுவோ நெருக்கியதுபோல் முன்னால் தள்ளப்பட்டார். "டார்க்கஸ். நகரச் சொல்லு. நீ அவங்களுக்கு ஒண்ணும் பண்ணல. நீ சொன்னா கேப்பாங்க."

அவரைத் தாங்கிப் பிடித்துப் பக்கத்து அறைக் கட்டிலுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நிறைந்தது. நாற்காலியில் உட்கார வைத்தாள். அதிலும் விளிம்பில்தான் உட்கார்ந்தார். கடைசியில் அவரே தட்டுத்தடுமாறித் தன் கட்டிலுக்குப் போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். உள்ளே அவர் அவள் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் போகவில்லை.

காலையில் வைத்தியர் உடலைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு தோள்களும் கன்றியிருந்தன. முகம் கறுத்திருந்தது. அவர் கிடந்த விளிம்பு தவிர, அகலக் கட்டில் முழுக்கக் காலி.

"கூட்டத்துல நசுங்கிச் செத்தவன இப்படிப் பாத்திருக்கேன்," என்றார். "இதய நோவுன்னு எழுதிக்கறேன்."

அடக்கம் நடுப்பகலில். கோயிலுக்குள்ளேயே, தரைக்கல்லுக்கு அடியில் ஸ்ட்ரோட் தனக்கென்று கட்டி வைத்திருந்த கல்லறை. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அவருடைய கப்பல்காரர்கள். சர்க்கரைப் பீப்பாய்களைப் புரட்டிப் பழகிய கைகள். கோயிலுக்குள் பாதி தூரத்தில், பாரம் தாங்காமல், பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மூத்தவன் நெற்றியைத் துடைத்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உள்ள ஐயா மட்டுந்தானே?"

டார்க்கஸ் மண்டியிட்டாள். மூடியில் கை வைத்தாள். சூடு. பலகை மெல்ல ஏறியது, இறங்கியது.

"டார்க்கஸ்." மிகத் தாழ்ந்த குரல். "இடமில்ல."

மூத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் கேட்டிருந்தது.

திறக்கச் சொன்னால் திறப்பார்கள். அவள் எழுந்தாள். கவுனின் தூசியைத் தட்டினாள்.

"இறக்குங்க," என்றாள்.

கயிறுகள் முனகின. கல் மூடியது. போதகர் மேடையேறி, இறந்தவரின் கொடைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். டார்க்கஸ் முன்வரிசை பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கப்பல் உள்ளவர்கள், கப்பலில் பங்கு உள்ளவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். பெஞ்சுகளில் தாராளமாக இடம் இருந்தது.

பக்கத்தில் இருந்த சர்க்கரை வியாபாரியின் மனைவி, போதகரைப் பார்த்தபடியே, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சற்று நகர்ந்தாள். அவளுக்கு அப்பால் இருந்தவரும் நகர்ந்தார். பின்வரிசையில் துணி உரசியது. அதற்கும் பின்னால். யாரும் தலையைத் திருப்பவில்லை. யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருக்களித்து. முழங்காலோடு முழங்கால். முதுகோடு மார்பு. போதகரின் பேச்சு நிற்கவில்லை.

டார்க்கஸின் இடதுபுறம் பெஞ்சு முடிந்துபோயிருந்தது. அங்கே ஒரு சூடான தோள் அவள் தோளில் சாய்ந்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஆற்றுக் காற்று வந்தது. அங்கே ஓர் ஆள்கூட இல்லை. வரிசைகள் மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தன.